காலுறை துவைத்த கதை காதல் கடிதம் ஆகுமா?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத்தான் தெரிகிறது. பிரித்துப் பார்த்தால் மூன்று. 1944 ஜனவரியில் இத்தாலிப் போர்முனையிலிருந்து ஓர் அமெரிக்கச் சிப்பாய் மனைவிக்கு எழுதிய நாலு பக்கக் கடிதத்தை ஒரு கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்தில் 'போர்க்காலக் காதல் கடிதம்' என்று சீட்டு. ஆசையாகக் குனிந்து படித்தால், இரண்டு ஜோடி காலுறை துவைத்தது, அதில் ஒன்றைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக் காயவைப்பது, கூடாரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்ட நாய், கடைவாய்ப் பல்வலி, 'ஐம்பது டாலர் வந்ததா' என்ற விசாரிப்பு, எங்கும் போகாவிட்டாலும் வாரம் ஒரு தடவை காரை ஸ்டார்ட் செய்து வை என்ற உத்தரவு, சமையலறைக் கதவின் கீல் இன்னும் கிறீச்சிடுகிறதா என்ற கேள்வி. கடைசியில் அன்புக்கென்று ஒரே ஒரு வரி. 'இதில் காதல் எங்கே? போரை வேண்டுமென்றே மறைத்தாரா? இல்லை, காலுறையும் நாயும் ஏதாவது சங்கேதமா?' என்று கேட்கிறீர்கள்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் இல்லை. தணிக்கை முத்திரை விழுந்த போர்க்காலத் தபால் உறைகளைச் சேர்ப்பவன். இருபத்தைந்து வருஷப் பழக்கம். உறைக்காக வாங்கப்போய், உள்ளே இருந்த காகிதத்தைப் படித்து மாட்டிக்கொண்டேன். இரண்டு உலகப் போர்களின் ஆங்கிலக் கடிதங்கள்தான் எனக்கு நேர்ப்பழக்கம். மற்ற மொழிகளில் இருப்பதை மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடலாம். அவர் போரைப் பற்றி எழுதவில்லை, சரி. எழுதியிருந்தால் அந்தக் கடிதம் அப்படியே போய்ச் சேர்ந்திருக்காது. இருக்கும் இடம், படைப்பிரிவின் பலம், கப்பல் போக்குவரத்து, அடுத்த நகர்வு, எதிரியின் தாக்குதலால் ஏற்பட்ட சேதம், அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படாத சாவு எதையும் எழுதக் கூடாது. அதனால்தான் அந்தக் காலக் கடிதங்களின் தலைப்பில் ஊர்ப்பெயர் இருக்காது. 'இத்தாலியில் ஏதோ ஓரிடம்' என்று இருக்கும். மீறி எழுதினால் அந்த இடத்தைக் கத்தரித்து எடுப்பார்கள். சல்லடைபோல ஓட்டை விழுந்த ஒரு கடிதம் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் வெட்டினால் பின்பக்கத்தில் இருப்பதும் சேர்ந்துதானே போகும்? இடத்தின் பெயரோடு, பின்பக்கத்தில் மனைவிக்கு எழுதிய பாதி வாக்கியமும் போயிருக்கிறது.

இதைவிட முக்கியம், யார் படித்தார்கள் என்பது. அமெரிக்கப் படையில் சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவருடைய பிரிவு அதிகாரியே படிப்பார். காலையில் வரிசையில் நிறுத்தி அதட்டிய அதே மனிதர், மாலையில் நீங்கள் உங்கள் மனைவிக்கு எழுதியதைப் படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் கூச்சத்தைப் படைத் தலைமையும் அறிந்திருந்தது. சொந்த அதிகாரி பார்க்காமல் பின்தளத்தில் முகம் தெரியாத ஒருவர் பார்க்கட்டும் என்று நீல உறை ஒன்றை அமெரிக்கர்கள் வைத்திருந்தார்கள். அதற்கு முன்பே, 1915 முதல், பிரிட்டிஷ் படையில் பச்சை உறை இருந்தது. உள்ளே குடும்ப விஷயம் மட்டும்தான் என்று மானத்தின் பேரில் உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். ஆனால் அது கேட்டபோதெல்லாம் கிடைக்காது, அளந்துதான் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் சிப்பாய் கடைசியில் ஒரே ஒரு வரி அன்பு எழுதியிருந்தால், அது மூன்றாவது ஆள் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும்போது எழுதிய வரி. அந்த நிலையில் நம்மில் எத்தனை பேர் இரண்டு வரி எழுதுவோம்?

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் களச்சேவை அட்டையைத் தேடிப் பாருங்கள். அச்சடித்த வாக்கியங்கள் வரிசையாக இருக்கும்: நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது, வெகு நாளாகக் கடிதம் இல்லை. பொருந்தாததை அடித்துவிட்டு, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டியதுதான். வேறு ஏதாவது சேர்த்து எழுதினால் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். மற்ற எல்லாவற்றையும் அடித்து 'நலமாக இருக்கிறேன்' மட்டும் மிஞ்சிய அட்டைகளை வீட்டில் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அதையும் காதல் கடிதம் என்றுதான் நான் வகைப்படுத்துவேன்.

இனி அந்தக் காலுறைக்கு வருகிறேன். உங்களைப் போல அதை நானும் ஒரு காலத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். 1943 இறுதியில் தொடங்கிய இத்தாலிய குளிர்காலம் மலையும் மழையும் சேறுமாக இருந்தது. ஈரமும் குளிரும் விடாத குழிக்குள் நாட்கணக்கில் பூட்ஸைக் கழற்றாமல் நின்றால் பாதம் மரத்து, வீங்கி, நிறம் மாறி, முற்றினால் அழுகிவிடும். ட்ரெஞ்ச் ஃபுட் என்று பெயர். உறையும் குளிர்கூட வேண்டாம், ஈரம் போதும். அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இதனால் களத்தைவிட்டு வெளியேறினார்கள். சிலருக்குக் காலையே எடுக்க வேண்டியிருந்தது. தடுக்க ஒரே வழி, தினமும் பாதத்தைத் துடைத்துத் தேய்த்து உலர்ந்த காலுறை மாட்டுவது. நெருப்பு மூட்டினால் எதிரிக்குத் தெரியும் என்பதால் ஈரக் காலுறையை உடம்புச் சூட்டில்தான் காயவைத்தார்கள். சட்டைக்குள், வயிற்றோடு.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படியுங்கள். 'இரண்டு ஜோடி துவைத்தேன், ஒன்று என் வயிற்றில் காய்கிறது.' தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கோலுக்கு அதில் வெட்ட ஒன்றுமில்லை. மனைவிக்கோ, தான் இருக்கும் இடம் குளிர், ஈரம், நெருப்பு மூட்ட முடியாத இடம், ஆனாலும் என் காலை நான் கவனித்துக்கொள்கிறேன், நடந்தே திரும்பி வருவேன் என்ற அத்தனையும் அதில் இருக்கிறது. அவள் அப்படித்தான் படித்தாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவளுடைய பதில் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் துணி துவைத்தறியாத ஒரு கணவன் காலுறைக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் எந்த மனைவியும் அதைச் சும்மா தாண்டிப் போக மாட்டாள்.

ஆகவே 'மறைத்தாரா' என்ற கேள்விக்கு என் பதில்: சொல்ல முடியாததைச் சொல்லவில்லை, சொல்ல விரும்பாததையும் சொல்லவில்லை. இரண்டையும் பிரிக்க நமக்கு வழியில்லை. தணிக்கையே இல்லாவிட்டாலும் முந்தின நாள் பக்கத்துக் குழியில் ஒருவன் செத்ததை அவர் எழுதியிருப்பாரா? நான் படித்தவரையில் பெரும்பாலோர் அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு மாதிரியும், அண்ணனுக்கோ நண்பனுக்கோ வேறு மாதிரியும் எழுதினார்கள். பொய் சொன்னார்கள் என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஊரில் கிடந்து உறக்கம் கெடப்போகிறவளுக்கு எதைச் சொல்லலாம் என்று அளந்தார்கள், அவ்வளவுதான்.

சங்கேதம் பற்றி. நிஜமாகவே சங்கேதம் வைத்து எழுதியவர்கள் உண்டு. முதல் உலகப் போரில் 1914, 1915 இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பார்க்கத் தனித் தணிக்கை அலுவலகமே இருந்தது. அவர்களில் சிலர் கருமிளகு, செம்மிளகு என்று எழுதினார்கள். கருமிளகு என்றால் இந்தியப் படை, செம்மிளகு என்றால் வெள்ளைக்காரப் படை. தணிக்கையாளர்களுக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது. அந்தக் கடிதங்கள் நமக்கு இன்று கிடைப்பதே, தணிக்கை அலுவலகம் அவற்றிலிருந்து பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக எழுதி வைத்ததால்தான். சொந்தமாக எழுதத் தெரியாதவர்கள் அந்தப் படையில் ஏராளம். எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத, இங்கிலீஷ்காரர் ஒருவர் நடுவில் படிக்க, ஊரில் படிக்கத் தெரிந்த இன்னொருவர் எல்லார் முன்னிலும் உரக்க வாசிக்க, மனைவி கதவோரம் நின்று கேட்க வேண்டும். மாடு கன்று போட்டதா, வரி கட்டியாயிற்றா என்று மட்டும் அந்தக் கடிதம் கேட்டால், காதல் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஆனாலும் உங்கள் கடிதத்தில் சங்கேதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஜோடிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட தந்திரங்கள் எளியவை: முகவரியில் மனைவியின் பெயருக்கு நடுவே வரும் முதலெழுத்தைக் கடிதத்துக்குக் கடிதம் மாற்றி ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டுவது போன்றவை. கடிதங்கள் வரிசை மாறி வந்து சேர்ந்ததால், உலகத்தில் இல்லாத ஓர் ஊரை மனைவி வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தாள் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு கதை சுற்றும், கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நானும் சூடுபட்டவன்தான். ஒரு கடிதத்தில் அங்கங்கே சில எழுத்துகளுக்கு அடியில் பென்சில் கோடு இருப்பதைப் பார்த்து இரண்டு வாரம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன். ஆங்கில உயிரெழுத்துகள் மட்டும் கோடிடப்பட்டிருந்தன என்பது அப்புறம்தான் உறைத்தது. யாரோ ஒரு குழந்தை அதை வைத்து எழுத்துப் பழகியிருக்கிறது.

ஐம்பது டாலர் விஷயம் சங்கேதம் இல்லை, சட்டம். 1942இல் வந்த ஏற்பாட்டின்படி, கீழ்நிலைச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர் அரசாங்கம் நேரடியாக அனுப்பும். அதில் 22 டாலர் அவர் சம்பளத்திலிருந்து பிடித்தது, 28 டாலர் அரசாங்கத்தின் பங்கு. ஒரு சாதாரணச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளமே மாதம் 50 டாலர்தான் என்பதால் அந்த 22 சின்னத் தொகை இல்லை. காரும் அப்படித்தான். 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தி அமெரிக்காவில் நின்றுபோனது. டயர் ரேஷன், பெட்ரோல் ரேஷன். இருக்கிற காரின் பேட்டரி செத்தால் வேறு கார் வாங்க முடியாது. 'எங்கும் போகாவிட்டாலும் ஸ்டார்ட் செய்து வை' என்று ஒருவர் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, சேற்றில் உட்கார்ந்து எழுதுகிறார் என்றால், திரும்பி வந்து அதை ஓட்டப்போகிறவர் எழுதுகிறார். கதவுக் கீலும் அதே கணக்கு. அந்த வீட்டில் தன் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில். இந்தக் கடிதங்களில் நான் செய்திகளைவிடக் கேள்விகளைத்தான் முதலில் எண்ணுவேன். ஒருவர் எதைக் கேட்கிறாரோ அங்கேதான் அவர் மனசு நிற்கிறது.

நம் சங்கப் புலவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. பாசறையில் அரசன், அரண்மனையில் தனித்திருக்கும் அரசி. வாடைக்குளிர் எவ்வளவு என்று காட்ட, சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் கிடப்பதையும், குறுகிய வாய்க் கூசாவில் தண்ணீர் குடிக்க ஆளில்லாததையும்தான் காட்டுவார்கள். வீட்டுச் சாமான்களை வைத்தே பிரிவைச் சொல்லிவிடும் வித்தை.

அன்பு வரி ஒன்றுதான் என்ற உங்கள் குறைக்கு மறுபக்கமும் இருக்கிறது. பொழிந்து தள்ளியவர்களும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சல்லிவன் பலூ என்ற அதிகாரி 1861 ஜூலை 14 அன்று மனைவி சாராவுக்கு எழுதிய கடிதம் இன்றும் உலகப் புகழ். ஒரு வாரத்தில் முதல் புல் ரன் சண்டையில் காயம்பட்டு, சில நாட்களில் இறந்தார். உரைநடைக்காகவே படிக்கலாம். அவர் வழக்கறிஞர், மேடைப் பேச்சுப் பழகியவர் என்பதையும் மறக்கக் கூடாது. மூலக் கடிதம் கிடைக்கவில்லை, நகல்கள்தான் இருக்கின்றன. ஆனால் அது சாவை எதிர்பார்த்து எழுதிய கடிதம். வாராவாரம் அப்படி ஒருவர் எழுத முடியாது. எழுதினால் வாங்கிப் படிப்பவள் தாங்க மாட்டாள். 'நலம், நலமறிய அவா' என்று நாம் தொடங்கியதுபோல, 'என் கண்ணே, என் உயிரே' என்பதும் அந்தக் கடிதங்களில் பாதிக்கு மேல் வாய்ப்பாடு. முடிவில் முத்தத்துக்காகப் போடும் பெருக்கல் குறிகளும் அப்படியே. இது என் சொந்த அனுமானம், ஆராய்ச்சி முடிவு இல்லை: ஒரு கட்டுக் கடிதங்களை வரிசையாகப் படிக்கும்போது, வர்ணனை கூடி விவரம் குறையத் தொடங்கினால்தான் எனக்கு உதறல் எடுக்கும். நாயும் பல்வலியும் காணாமல் போய் வெறும் 'உயிரே, உயிரே' என்று வந்தால், ஒன்று அவர் பெரிய சண்டைக்குப் போகப்போகிறார், அல்லது இருவருக்கும் நடுவே ஏதோ விட்டுப்போய்விட்டது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: காலதாமதம். பல் வலிக்கிறது என்று அவர் எழுதியதை மனைவி படிக்கும்போது பல்லைப் பிடுங்கி வாரங்கள் ஆகியிருக்கும். கோபித்து எழுதியது முன்னால் வந்து, சமாதானம் பின்னால் வரும். அதனால்தான் பலர் கடிதத்துக்கு எண் போட்டார்கள். கப்பலில் இடம் போதாமல் 1942 ஜூனில் அமெரிக்கர்கள் 'வி-மெயில்' கொண்டுவந்தார்கள். ஒரு பக்கக் கடிதத்தைப் படமெடுத்து, ஃபிலிம் சுருளை மட்டும் அனுப்பி, அந்தக் கரையில் சிறிய தாளில் அச்சிட்டுக் கொடுப்பது. ஒன்றரை லட்சம் கடிதங்களுக்கு 37 மூட்டை தேவைப்பட்ட இடத்தில் ஒரே மூட்டை போதும். ஒரே கஷ்டம், மனைவிமார் உதட்டுச் சாயத்தோடு காகிதத்தில் முத்தமிட்டு அனுப்பியது. சாயம் இயந்திரத்தில் ஒட்டித் தொல்லை கொடுத்தது. அப்படியும் தபால் தேங்கியது. 1945இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குவிந்து கிடந்த லட்சக்கணக்கான கடிதங்களைப் பிரிக்க 6888ஆவது தபால் பட்டாலியன் என்ற கறுப்பினப் பெண்கள் படையை அனுப்பினார்கள். மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் சுமார் 850 பேர், ஆறு மாத வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற ஒரே பெயரில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்களாம். பெயருக்கு உரியவர் இறந்திருந்தால், மனைவி எழுதிய கடிதம் அவளிடமே திரும்பிப் போகும்.

உங்கள் சிப்பாயின் கடிதம் தட்டையாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் இன்னும் பாக்கி. நீங்கள் படித்தது பாதிப் பேச்சு. தொலைபேசியில் ஒருவர் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பதுபோல. அவர் அனுப்பியவற்றைப் பூட்டி வைக்க அவளிடம் அலமாரி இருந்தது. அவள் அனுப்பியவற்றை வைக்க அவரிடம் முதுகுப்பை மட்டும்தான். அது மழையில் நனையும், கனம் ஏறும். எதிரி கையில் எதுவும் சிக்கக் கூடாது என்பதால் முன்வரிசைக்குப் போகுமுன் கடிதங்களை எரித்துவிடுவதும் வழக்கம். அதனால்தான் கணவன்மாரின் கட்டுகள் நூறு கிடைத்தால், மனைவிமாருடையது ஒன்றிரண்டு கிடைப்பதே அபூர்வம். 'கீல் கிறீச்சிடுகிறதா' என்ற கேள்வி வெறுமனே முளைத்திருக்காது. ராத்திரி அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு விழித்துக்கொண்டேன் என்று அவள் எழுதியிருக்கலாம். தனியாக இருக்கப் பயமாயிருக்கிறது என்பதை அவள் அப்படிச் சொல்லி, அவர் அதற்குத்தான் பதில் எழுதுகிறாரோ என்னவோ. இது ஊகம்தான். ஆனால் அவள் எழுதிய ஏதோ ஒன்றுக்கு அது பதில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுபடியும் அந்தக் கண்காட்சிக்குப் போனால் கடிதத்தை விட்டுவிட்டு உறையைப் பாருங்கள். வலது மேல் மூலையில் தபால்தலை இருக்க வேண்டிய இடத்தில் 'இலவசம்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கையால் எழுதியிருக்கிறாரா, அல்லது 6 சென்ட் விமானத் தபால்தலை ஒட்டியிருக்கிறதா என்று. சிப்பாய்களுக்குச் சாதாரணத் தபால் 1942 ஏப்ரல் முதல் இலவசம். விமானத்தில் சீக்கிரம் போக வேண்டுமென்றால்தான் கைக்காசு. பிடித்தம் போகக் கையில் மிஞ்சிய சம்பளத்தில் காலுறைக் கதையைச் சீக்கிரம் அனுப்ப அவர் ஆறு சென்ட் செலவழித்திருந்தால், எனக்கும் ஒரு வரி எழுதிச் சொல்லுங்கள்.